மூன்று மாத மௌனம் யாரைக் காக்கிறது?

நாள் தள்ளிப்போன செய்தியை மூன்று மாதம் நிறையும்வரை வெளியில் சொல்லலாகாது என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். கண்ணேறு பட்டுவிடும் என்பார் சிலர். கரு நிலைத்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்பார் வேறு சிலர். மகப்பேறு மருத்துவர்களாகிய நாங்கள் இவ்வழக்கத்தை ஏளனமாகக் கருதவில்லை. கரு தங்காமல் போனால் கண்டவர்க்கெல்லாம் விளக்கம் சொல்லும் துன்பம் அந்தப் பெண்ணுக்கு நேரக்கூடாது என்னும் பரிவு இதன் உள்ளே இருக்கிறது. ஆயினும், ஊருக்கென்று ஏற்பட்ட இந்த மௌனம் வீட்டுக்குள்ளும் புகுந்து, மருத்துவமனை வாயிலையும் அடைத்துவிடுவதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். அதனால் விளையும் தீங்கைப் பற்றியே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில், இளம்பெண் ஒருவரை அவருடைய மாமியாரும் கொழுந்தனாரும் எங்கள் அவசரப் பிரிவுக்குத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். (அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.) மாலையிலிருந்து அடிவயிற்றில் வலி. வாயுத் தொல்லை என்று எண்ணி வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். பிறகு தோள்பட்டையும் வலிப்பதாகச் சொன்னவர், எழுந்து நிற்க முயன்றபோது மயங்கி விழுந்திருக்கிறார். எங்களிடம் வந்தபோது நாடித்துடிப்பு மிக விரைவாகவும் இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்தும் இருந்தன.

“கர்ப்பமாக இருக்கிறாரா?” என்று கேட்டோம்.

“அப்படி எதுவும் இல்லைங்க டாக்டர்” என்றார் மாமியார்.

அவர் பொய் சொல்லவில்லை; அவருக்குத் தெரியாது. சிறுநீர்ப் பரிசோதனை உண்மையைச் சொன்னது. கரு, கருப்பையில் தங்காமல் கருக்குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் பெருகியிருந்தது. உடனே அறுவை செய்து, இரத்தம் ஏற்றி, அவரைக் காப்பாற்ற முடிந்தது. ஒரு கருக்குழாயை அகற்ற நேர்ந்தது. மறுநாள் காலையில் அவர் எங்களிடம் மெல்லிய குரலில் சொன்னார்: “வீட்டிலேயே கிட் வாங்கிப் பார்த்துப் பத்து நாள் ஆகிறது டாக்டர். அவருக்கு மட்டும் போனில் சொன்னேன். மூன்று மாதம் போகட்டும், அப்புறம் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.” கணவர் வெளியூரில் பணியில் இருந்தார். அருகில் இருந்த மாமியாரோ, “என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே தூக்கிக்கொண்டு வந்திருப்பேனே” என்று கலங்கி நின்றார்.

அந்த வீட்டில் எவரும் தீயவர் அல்லர். அனைவரும் வழக்கத்தைப் பின்பற்றியவர்கள், அவ்வளவே.

முதல் பன்னிரண்டு வாரங்களில் நடப்பவை

கர்ப்ப காலத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகிறோம். எனவே நாள் தள்ளிப்போய், பரிசோதனையில் இரண்டு கோடுகள் தெரியும்போதே நான்கு அல்லது ஐந்து வாரம் கடந்துவிடுகிறது. பிற்காலத்தில் மூளையாகவும் தண்டுவடமாகவும் உருப்பெறும் நரம்புக் குழாய் ஏறக்குறைய ஆறாவது வாரத்திலேயே மூடிக்கொள்கிறது. பத்தாவது வாரம் முடிவதற்குள் இதயம், கை, கால், முகம் முதலிய முக்கிய உறுப்புகளின் அடிப்படை அமைப்பு உருவாகிவிடுகிறது. பிறகு வரும் மாதங்கள் பெரும்பாலும் வளர்ச்சிக்கும் முதிர்ச்சிக்கும் உரியவை. அடித்தளம் இடும் காலத்தை மறைத்துவைத்துவிட்டு, சுவர் எழும்பியபின் பொறியாளரை அழைப்பது எவ்வாறோ, நான்காம் மாதத்தில் முதன்முறையாக மருத்துவரிடம் வருவதும் அவ்வாறே.

இதை ஒரு மாத்திரையைக் கொண்டு விளக்கலாம். நாள்தோறும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உட்கொள்வது, நரம்புக் குழாய் சரியாக மூடாமல் போகும் குறைபாட்டின் வாய்ப்பைப் பெருமளவு குறைக்கிறது. கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கி, பன்னிரண்டு வாரம்வரை இதனை எடுத்துக்கொள்ள வேண்டும். முந்திய குழந்தைக்கு இக்குறைபாடு இருந்தவர்களுக்கும் வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்களுக்கும் இதைவிடக் கூடுதலான அளவு தேவைப்படும். நான்காம் மாதத்தில் வந்து இதே மாத்திரையை வாங்கிச் செல்பவர், மூடவேண்டிய காலம் கடந்தபின் அதனை வாங்கிச் செல்கிறார்.

ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு இக்காலம் இன்னும் முக்கியமானது. தைராய்டு சுரப்புக் குறைவுக்கு மருந்து உண்பவர்களில் பலருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ஆனால் எங்களிடம் வரும் சிலர், ‘கர்ப்பத்தில் மாத்திரை ஆகாது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தாமாகவே நிறுத்திவிட்டிருக்கிறார்கள். மாறாக, வலிப்புக்கு வழங்கப்படும் சோடியம் வால்புரோயேட், முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோடிரெட்டினாயின், சிலவகை இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. இவற்றை மாற்றுவது பற்றிக் கருத்தரிக்கும் முன்பே மருத்துவருடன் பேசியிருக்க வேண்டும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதை மாத்திரைச் சீட்டுடன் எங்களிடம் வந்து கேட்டால் சில நிமிடங்களில் தீர்மானித்துவிடலாம்.

முதல் வருகையில் இரத்த அழுத்தம், எடை ஆகியவற்றோடு ஹீமோகுளோபின், இரத்த வகை, சர்க்கரை, தைராய்டு, சிறுநீர், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மேகநோய் ஆகிய பரிசோதனைகளைச் செய்கிறோம். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது இரத்தசோகை. அதைச் சரிசெய்யப் போதிய காலம் வேண்டும். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவது பயனளிக்கிறது. ஆனால் அதனைப் பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்கினால்தான் முழுப் பயன் கிட்டும். பிரசவ நாளைத் துல்லியமாகக் கணிக்கும் ஸ்கேனும் முதல் மூன்று மாதங்களில் எடுப்பதே. ஸ்கேன் எடுத்தால் கரு கலைந்துவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. அது ஒலியலைகளால் எடுக்கப்படுவது, எக்ஸ்-ரே அன்று. குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் தாமதத்துக்குப் பொருளிழப்பும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தகுதியுள்ள தாய்மார்களுக்குக் கிடைக்கிறது. அதற்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்தல் வேண்டும். உங்கள் பகுதியின் கிராம அல்லது நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியரிடம் சொன்னால் பதிவு செய்து பிக்மி எண் பெற்றுத் தருவார். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொள்ள எண்ணுபவர்களுக்கும் அந்த எண் தேவை. குழந்தையின் பிறப்புப் பதிவின்போது அது கேட்கப்படும்.

எதிர்பார்க்கத் தக்கவையும் அஞ்சத் தக்கவையும்

முதல் மாதங்களில் உடல் புதிதாக நடந்துகொள்ளும். எப்போதும் இல்லாத அசதி, அடிக்கடி சிறுநீர் கழித்தல், மார்பகக் கனம், சில வாசனைகளைச் சகிக்க முடியாமை, காரணமின்றிக் கண்கலங்குதல் ஆகியன இயல்பானவை. மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தை ஒட்டி மிகுந்து, நான்காம் மாதத்தில் தணிகிறது. ஒரே வேளையில் நிறைய உண்ணாமல் சிறிது சிறிதாக உண்பது, எழுந்தவுடன் பொரி அல்லது ரஸ்க் போன்ற உலர்ந்த உணவைக் கொறிப்பது, இஞ்சி சேர்த்துக்கொள்வது ஆகியவை பலருக்கு உதவுகின்றன. போதாதவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாதுகாப்பாகப் பயன்பட்டுவரும் மாத்திரைகள் உள்ளன. மசக்கை இல்லாத பெண்களும் உண்டு; அதனால் கருவில் குறை என்று பொருளன்று.

‘எல்லோரும்தான் வாந்தி எடுத்தார்கள்’ என்று ஒதுக்கிவிடலாகாத மசக்கையும் உண்டு. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காமை, சிறுநீர் குறைந்து அடர்நிறமாகப் போதல், கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைதல் (50 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டரைக் கிலோ) ஆகியன காணப்பட்டால், மருத்துவமனையில் வைத்து நரம்பு வழியே நீரேற்ற வேண்டிய நிலை அது. அதைப் பொறுத்துக்கொள்வது மனவுறுதியின் அடையாளம் அன்று.

முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண்ணுக்குச் சிறிதளவேனும் இரத்தக் கசிவு ஏற்படுகிறது. அவர்களுள் பலரின் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது. எனினும் எந்தக் கசிவையும் எங்களிடம் சொல்ல வேண்டும். இரத்த வகை நெகட்டிவ் உள்ளவர்களுக்குச் சில வேளைகளில் ஊசி தேவைப்படும். மிகுந்த இரத்தப்போக்கு, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் விடாத வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் அல்லது மயக்கம், காய்ச்சலுடன் கூடிய வயிற்றுவலி ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; 108-ஐ அழையுங்கள். கருக்குழாய்க் கர்ப்பம் நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு நேர்வது. குழாய் வெடிக்கும் முன் கண்டறிந்தால் பலருக்கு ஊசி மருந்தாலோ சிறு துளை அறுவையாலோ தீர்வு காண இயலும்.

இழப்பும் பழியும்

இம்மௌனத்தின் மற்றொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தாமாகவே கலைந்துவிடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களில் நிகழ்பவை. அவ்வாறு கலைபவற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் நேர்ந்த பிழை. அதை எவரும் உண்டாக்கவில்லை. எவராலும் தடுத்திருக்கவும் முடியாது.

ஆனால் ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வரும் பெண் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “நான் என்ன தப்பு செய்தேன் டாக்டர்?” அவர் கேட்காவிட்டால் உடன் வந்தவர் கேட்கிறார்: “பப்பாளி சாப்பிட்டாள், அதனால்தானே?” “வண்டியில் வேலைக்குப் போகாதே என்று சொன்னேன், கேட்டாளா?”

எங்கள் விடை தெளிவானது. ஒரு துண்டு பழுத்த பப்பாளியோ அன்னாசியோ எள்ளுருண்டையோ கருவைக் கலைப்பதில்லை. பாலுள்ள பப்பாளிக் காயைத் தவிர்ப்பது நன்று. அதற்குமேல் அச்சம் வேண்டா. அன்றாட வீட்டு வேலையும் அலுவலகம் செல்வதும் படியேறுவதும் சிக்கலற்ற கர்ப்பத்தில் தாம்பத்திய உறவும் கருச்சிதைவை உண்டாக்குவதில்லை. அசையாமல் படுத்திருப்பதனால் கலையவிருக்கும் கரு நிலைப்பதும் இல்லை. கட்டுக்குள் வராத சர்க்கரையும், புகையும் மதுவும்தான் உண்மையில் கவனிக்கத் தக்கவை. புகை என்று சொல்லும்போது, அதே அறையில் கணவரோ மாமனாரோ பிடிக்கும் புகையையும் சேர்த்தே சொல்கிறோம்.

செய்தியை எவருக்கும் சொல்லாதிருந்த பெண்ணுக்கு இழப்பையும் சொல்ல வழியில்லாமல் போகிறது. இரத்தப்போக்கு நின்றும் நிற்காத நிலையில், மூன்றாம் நாளே பணிக்குத் திரும்பியவர்களை நாங்கள் அறிவோம். காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் எழுதியிருந்தார்கள். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், தகுதியுள்ள பணிப்பெண்களுக்குக் கருச்சிதைவின்பின் ஆறு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை உரிமையாக வகுத்தது. அதைக் கேட்பதற்கு மருத்துவச் சான்று போதும்; ஆனால் அதைக் கேட்க, நடந்ததை ஒருவரிடமேனும் சொல்ல வேண்டும். துயரத்தைத் தாங்கத் துணை வேண்டிய வேளையில் துணையற்றவராக ஆக்கிவிடும் மௌனம் யாரைக் காக்கிறது? அந்தப் பெண்ணைக் காக்கவில்லை என்பதே எங்கள் கருத்து. கணவரும் அழக்கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவருக்கும் ஆறுதல் சொல்வாரில்லை.

ஒருமுறை கரு கலைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே அமைகிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை நேர்ந்தால் காரணம் தேடும் பரிசோதனைகள் உள்ளன. அப்போது இருவரும் சேர்ந்து வாருங்கள். ‘ராசியில்லாதவள்’ என்ற சொல்லை எந்தப் பரிசோதனைக் கூடமும் எழுதித் தராது.

எங்கள் பங்கில் உள்ள குறை

பிழை வீடுகளில் மட்டும் இருக்கிறது என்று சொல்லி முடித்தால் நாங்கள் நேர்மையற்றவர்கள் ஆவோம். விரைந்து வந்த பெண்ணிடம், “இப்போதுதானே ஆறு வாரம்? இரண்டு வாரம் கழித்து வா” என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பும் மருத்துவர்கள் எங்களுள் உண்டு. அந்த இரண்டு வாரத்தில் எதை எதிர்பார்க்கலாம், எதற்கு ஓடிவர வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், அவர் அக்கம்பக்கத்தாரிடம்தான் கேட்பார். துடிப்பு இல்லை என்ற செய்தியை வரிசையில் அடுத்தவர் காத்திருக்க, கணினித் திரையைப் பார்த்தவாறே சொல்வதும் நிகழ்கிறது. கருவை இழந்த பெண்ணுக்கு, பிறந்த குழந்தைகளின் அழுகுரல் கேட்கும் வார்டிலேயே படுக்கை ஒதுக்குவதும் நிகழ்கிறது. இடநெருக்கடி உண்மைதான். எனினும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஐந்து நிமிடம் எதிரே அமர்ந்து பேசுவதற்குத் தனிக் கட்டடம் தேவையில்லை. நீங்கள் மௌனத்தைக் கலைத்து வரவேண்டும் என்று கேட்கும் நாங்கள், வருபவர்க்குக் காது கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள். கொடுக்காதபோது எங்களிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எங்கள் வேண்டுகோள்

ஊருக்குச் சொல்வதை வளைகாப்பு வரை ஒத்திவைத்தாலும் எங்களுக்கு மறுப்பில்லை. யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கருவுற்ற பெண்ணுக்கே உரியது. ஆனால் நாள் தள்ளிய ஒரு வாரத்துக்குள் மூவருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்: உங்கள் மருத்துவர், உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியர், இரவில் நீங்கள் மயங்கி விழுந்தால் முதலில் உங்கள் அறைக்கு ஓடிவரக்கூடிய ஒருவர். அவர் கணவராக இருக்கலாம். கணவர் வெளியூரில் இருந்தால் மாமியாராகவோ அம்மாவாகவோ நாத்தனாராகவோ விடுதித் தோழியாகவோ இருக்கலாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் மருமகளோ மகளோ முதல் வாரத்திலேயே உங்களிடம் வந்து சொல்ல வேண்டுமானால், சொன்னபின் இழப்பு நேர்ந்தாலும் பழி வராது என்ற நம்பிக்கை அவருக்கு இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை மருந்துச் சீட்டில் எழுதித் தர எங்களால் இயலாது; நீங்கள்தான் தர வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெண் ஒன்றரை ஆண்டு கழித்து மீண்டும் எங்களிடம் வந்தார். நாள் தள்ளி ஐந்தாவது நாள். ஒரு கருக்குழாய்க் கர்ப்பம் நேர்ந்தவர்களுக்கு மறுமுறை ஆறாவது வாரத்தை ஒட்டியே ஸ்கேன் செய்து, கரு இருக்குமிடத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். அதை அவர் மறக்கவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தவர் அவருடைய மாமியார். மடியில் ஒரு பை. அதில் தண்ணீர்ப் பாட்டிலும் பொரியும் பழைய மருத்துவச் சீட்டுகளும் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. கரு கருப்பையில்தான் இருந்தது. “வெளியில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லைங்க டாக்டர், எனக்கு மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டாள்” என்றார் அவர்.